அண்ணன் சொன்னதைத் தம்பி சொல்ல வேண்டும்

அத்தியாயம் 14

குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தண்டனை இன்னதென்று சொல்லாமல் ஒரு நீதிபதி எழுந்து போய்விட்டால் ஊர் சும்மா இருக்குமா? குரும்பலூர்க்காரர்கள் பதினைந்து நாளாக ஆளுக்கொரு தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில் ஆறு மாதம். ரேஷன் கடை வரிசையில் இரண்டு வருடம். முடிதிருத்தும் கடையில் மட்டும் மனமிரங்கி அபராதத்தோடு விட்டிருந்தார்கள்.

எல்லாம் மஞ்சுவின் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தன. அவள் புருஷன் கலைமணிக்குத்தான் இந்தத் தண்டனைகள் எல்லாம். கூடப்பிறந்த அண்ணன் அரியமுத்துவை மண்வெட்டிக் காம்பால் அடித்து வலது மணிக்கட்டை உடைத்தவன். அடித்தது தை மாதம், இப்போது ஆவணி. எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் இரண்டு விரல்கள் இன்னும் மடங்கவில்லை.

சண்டை எதற்கென்று ஊருக்கே தெரியும். இரண்டு ஏக்கர் நிலம், அதில் ஒரு கிணறு. அப்பா கல்குவாரியில் முப்பது வருடம் கல் உடைத்து வாங்கியது. அதற்கு முன்னால் அந்த வம்சத்தில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் சொந்தமாக இருந்ததில்லை. அப்பா போன பிறகு தண்ணீருக்கு முறை வைத்தார்கள். ஒரு நாள் அண்ணன், ஒரு நாள் தம்பி.

மழை பொய்த்த வருடம். வெங்காயம் காய் பிடிக்கிற நேரத்தில் டிரான்ஸ்பார்மர் எரிந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் கரண்ட் வந்தது. அன்றைக்கு யார் முறை? கரண்ட் இல்லாத நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஆகவே இன்று என் முறை என்றான் அண்ணன். நாள் என்றால் நாள்தான், இன்று என் முறை என்றான் தம்பி. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மறுநாள் தம்பி வயிற்றில் காலையிலேயே சரக்கும் இருந்தது. அதுதான் வினையாகிப் போயிற்று.

மோட்டார் ஃபியூஸ் கட்டையை அண்ணன் பிடுங்கிவிட்டதாகத் தம்பி சொன்னான். சாட்சிக் கூண்டில் சத்தியம் பண்ணிவிட்டு "நான் தொடவேயில்லை" என்றான் அண்ணன். நீதிபதியாக இருந்த நடுவர் அம்மா இரண்டையும் எழுதிக்கொண்டார். கலைமணி குற்றவாளி என்றார். தண்டனை சொல்வதற்கு முன்னால் நன்னடத்தை அலுவலரின் அறிக்கை வேண்டும் என்றார். நன்னடத்தைக்கென்று கவர்மெண்டில் ஓர் ஆபீஸ் இருப்பதே ஊருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அந்த ஆபீஸிலிருந்து டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்தவர் பெயர் சிங்காரவேலு. கிணற்றடிக்குப் போய் ஒரு மணி நேரம் சும்மா நின்றார். பிறகு மஞ்சுவிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார்.

"குடிக்காத அன்னைக்கு உங்க வூட்டுக்காரரு எப்படிம்மா இருப்பாரு?"

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவளை யாரும் இப்படிக் கேட்டதில்லை. குடித்த அன்றைக்கு என்ன செய்தான் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். மஞ்சு வெகுநேரம் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

அந்த அறிக்கை இன்றைக்கு கோர்ட்டுக்கு வருகிறது.

* * *

காலை எட்டே காலுக்குப் பெரம்பலூர் பஸ். ஒரே குடும்பத்து ஆட்கள் நாலு பேர் ஒரே பஸ்ஸில் ஏறி, நாலு பக்கம் பார்த்துக்கொண்டு போவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

முன்னால் டிரைவருக்குப் பின்னால் அரியமுத்து. அவனுக்குப் பக்கத்தில் பெண்கள் சீட்டில் அவன் மனைவி உண்ணாமலை. கண்டக்டர் வந்தபோது புருஷனின் சட்டைப்பையில் கைவிட்டுச் சில்லறை எடுத்தவள் அவள்தான். எட்டு மாதமாகச் சட்டைக்குப் பொத்தான் போடுவதும் அவள், சோறு பிசைந்து ஊட்டுவதும் அவள்.

கலைமணி கடைசிப் படியில் தொங்கினான். பதினைந்து நாளாகக் குடிக்கவில்லை. பயத்தில்தான். பயமோ வைராக்கியமோ, வீட்டில் சத்தம் இல்லாமல் இருந்தது.

மஞ்சு நடுவில். மடியில் ஒரு துணிப்பை. இரண்டு கைலி, ஒரு துண்டு, பல்பொடி, சோப்பு. ஜெயிலுக்குப் போகிறவனுக்கு என்ன கட்டிக் கொடுப்பது என்று யாரிடம் போய்க் கேட்பாள்? ஆஸ்பத்திரிக்குக் கட்டுவது போலவே கட்டியிருந்தாள்.

இறங்கும்போது உண்ணாமலையின் தோள் அவள் மேல் இடித்தது.

"அக்கா" என்றாள் மஞ்சு, வாய் தவறி.

உண்ணாமலை நின்றாள். பையைப் பார்த்தாள்.

"ஸ்வெட்டரு இருந்தா வையி. திருச்சி ஜெயிலு தரையில படுக்கணுமாம்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள்.

கோர்ட் வேப்பமரத்தடியில் மஞ்சுவின் தாய்மாமன் குழந்தைவேல் பூலாம்பாடியிலிருந்து வந்து காத்திருந்தார். ஒருவேளை ஜாமீன் கேட்டால் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, நில சிட்டா என்று மஞ்சள் பை நிறையக் கொண்டுவந்திருந்தார். கலைமணியின் வக்கீல் ஆண்டவர் வந்து, "எதையும் இப்பச் சொல்ல முடியாதும்மா. இந்த ஜட்ஜம்மா அரியலூர்ல இருந்தப்பவே இப்படித்தான். என்ன செய்வாங்கன்னு எங்களுக்கே தெரியாது" என்றார்.

வக்கீலுக்கே தெரியாது என்றால் மஞ்சு என்ன செய்வாள்? பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

* * *

வழக்கு எண் கூப்பிட்டார்கள். கலைமணி கூண்டில் ஏறினான்.

நடுவர் அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். கண்ணாடி. குரலை உயர்த்தாத பேச்சு. சிங்காரவேலு கொடுத்த அறிக்கையை அவரே வாசித்தார். கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிரி என்று பெயர்.

"எதிரி மது அருந்தாத நாட்களில் குடும்பத்தாரிடம் அன்புடன் நடந்துகொள்பவர். குறிப்பாக, மனைவியின் கண் எரியும் என்பதற்காகச் சமையலுக்கு வெங்காயத்தைத் தாமே உரித்துக் கொடுக்கும் வழக்கமுடையவர்."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மஞ்சு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வெட்கம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பிரமிப்பு ஒரு பக்கம். அடுப்படியில் அவள் வாய்க்கு வந்தபடி சொன்னது, சீல் போட்ட தாளில் ஏறி, இத்தனை கறுப்புக் கோட்டுக்கு நடுவில், ஒரு ஜட்ஜ் வாயால் வருகிறது. தான் சொன்ன ஒன்று இவ்வளவு தூரம் போகும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

நடுவர் அறிக்கையை மூடினார்.

"ரெண்டு நாற்காலி கொண்டுவந்து இங்க போடுங்க."

கோர்ட் சேவகரான டவாலி திருதிருவென்று விழித்தார். கூண்டில் நிற்கிறவனுக்கு நாற்காலி போட்டு அவருக்குப் பழக்கமில்லை. வக்கீல்கள் பக்கமிருந்து இரண்டை இழுத்து மேடைக்குக் கீழே போட்டார்.

"கலைமணி, இறங்கி வந்து உட்காருங்க. அரியமுத்து, நீங்களும் வாங்க. ஒருத்தர ஒருத்தர் பார்த்து உட்காரணும்."

அரசு வக்கீல் எழுந்தார். "அம்மா, காயம் பட்டவரு ஏற்கெனவே சாட்சி சொல்லி முடிச்சாச்சு."

"தெரியும். இது சாட்சி இல்ல. கலைமணி குற்றவாளிங்கிறது மாறப்போறதில்ல. என்ன தண்டனை கொடுக்கணும்னு எனக்குத் தெரியணும். அதுக்குத்தான்."

அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முழங்காலுக்கும் முழங்காலுக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. எட்டு மாதத்தில் அவ்வளவு கிட்டத்தில் அவர்கள் இருந்ததில்லை. கலைமணி அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தான். மடங்காத அந்த இரண்டு விரல்களை இன்றுதான் பக்கத்திலிருந்து பார்க்கிறான்.

"கலைமணி, அன்னைக்கு உங்க அண்ணன் பக்கம் என்ன இருந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க. உங்க நியாயத்த நான் நிறையக் கேட்டுட்டேன். அவரு நியாயத்த உங்க வாயால சொல்லுங்க. 'ஆமா, இதுதான்'னு அவரு ஒத்துக்கணும். அதுவரைக்கும் நான் காத்திருக்கேன்."

நமது கலைமணிக்குத் தன் நியாயம் தலைகீழாக மனப்பாடம். அண்ணன் நியாயத்தைச் சொல்லச் சொன்னதும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"அவருக்கு... எல்லாத் தண்ணியும் தனக்கே வேணும்னு எண்ணமுங்க."

நடுவர் அரியமுத்துவைப் பார்த்தார்.

"இல்லைங்க" என்றான் அரியமுத்து.

"திரும்பச் சொல்லுங்க, கலைமணி."

"கரண்ட் இல்லாத நாளு முறையில சேராதுன்னாரு. அதனால அன்னைக்கு அவரு முறைன்னாரு."

"இது சரியா?"

"அப்படிச் சொன்னது நெசந்தாங்க. ஆனா அது முதநாளு சொன்னது. அன்னைக்குக் காலையில நான் அதுக்காக வரல."

"அவரு அதுக்காக வரலையாம். யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல."

அவசரமில்லை என்று ஒரு கோர்ட்டில் சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? மஞ்சு கேட்டதில்லை. அறுபது வழக்கு காத்திருக்கிறது. வெளியே போலீஸ்காரர்கள் வாய்தாவுக்கு ஆட்களை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த அம்மாவோ பேனாவை மூடி வைத்துவிட்டு, இரண்டு விவசாயிகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டு நிமிடம் போயிருக்கும். மூன்றும் போயிருக்கலாம். கலைமணி கண்ணை மூடிக்கொண்டான். குடித்திருந்த காலை. எல்லாம் கலங்கலாகத்தான் வந்தது. வரப்பு. பாதி காய்ந்த வெங்காயத் தாள். வரப்பில் அண்ணன் நடந்து வருகிறான். வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறான். கையில்...

கலைமணி கண்ணைத் திறந்தான்.

"கையில மம்பட்டி இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"அண்ணன் கையில மம்பட்டி இல்லைங்க. அடிச்சது என்னோட மம்பட்டிதான். தண்ணி பாய்ச்ச வர்ற எவனும் வெறுங்கையோட வர மாட்டாங்க. மம்பட்டி இல்லாம மடைய எப்படித் திருப்புறது?" அவன் அண்ணனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். "அவரு தண்ணிக்கு வரல. எங்கிட்டப் பேச வந்திருக்காரு. நான் பேச உடல."

"ஆமாங்க" என்றான் அரியமுத்து. "இதுதாங்க."

வழக்கு நடந்த எட்டு மாதத்தில் இரண்டு வக்கீல்கள், ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஏழு சாட்சிகள் பேசியிருந்தார்கள். ஒருவருக்கும் இது தோன்றவில்லை. மஞ்சுவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சாமி வந்து இறங்குகிற இடத்தில் நிற்பது போல இருந்தது அவளுக்கு. இத்தனைக்கும் அந்த அம்மா செய்ததெல்லாம், கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்ததுதான்.

நடுவர் மெதுவாகக் கேட்டார். "என்ன பேச வந்தீங்க, அரியமுத்து?"

அரியமுத்து தலை குனிந்தான். அரசு வக்கீல் ஏதோ ஆபத்தை மோப்பம் பிடித்துவிட்டார். குனிந்து அவன் காதில், "தேவையில்லாததப் பேசாதீங்க" என்றார்.

அரியமுத்து அவரை ஒரு தடவை பார்த்தான். தம்பியை ஒரு தடவை பார்த்தான். பேசாமல் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவன் சொன்னதைக் கோர்ட் நம்பியாயிற்று. எழுதியும் ஆயிற்று.

"ஃபியூஸ் கட்டையப் பிடுங்கினது நான்தாங்க. முதநாளு சாயங்காலம். காலையில மனசு கேக்கல. திருப்பிக் குடுத்துட்டு, 'ஆளுக்குப் பாதி நாளு வச்சுக்குவோம்டா'ன்னு சொல்லலாம்னு மடியில வச்சுக்கிட்டு வந்தேன். எடுக்கறதுக்குள்ள அடி விழுந்துருச்சு. ஆஸ்பத்திரியில வேட்டி மாத்துறப்ப எம் பொண்டாட்டிக்கிட்டக் குடுத்தேன். இன்னிக்கும் எங்க வூட்டு அரிசி டின்னுலதான் கிடக்கு."

"நீங்க சத்தியம் பண்ணிட்டு மாத்திச் சொல்லியிருக்கீங்க. அதுக்கு உங்க மேலயே வழக்குப் போடலாம். தெரியுமா?"

"தெரியுங்க. இவன் இவ்வளவு நேரம் யோசிச்சு என் பக்கத்தச் சொன்னாங்க. நான் எப்படிங்க பொய்யோட உட்காந்திருக்கிறது?"

கலைமணி நாற்காலியிலிருந்து சரிந்து அண்ணன் காலடியில் உட்கார்ந்துவிட்டான். உடம்பு குலுங்கியது. எழுப்பப்போன டவாலியை நடுவர் சைகையால் தடுத்தார்.

அரசு வக்கீல்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

* * *

ஆனால் அந்த அம்மா இளகிப்போய் உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை.

"ஃபியூஸப் பிடுங்கினா கைய உடைக்கலாம்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல, கலைமணி. அந்த விரல் ரெண்டும் மடங்கப்போறதில்ல. அத நீங்க ஆயுசுக்கும் பார்த்துக்கிட்டே இருக்கணும்" என்றார். பிறகு உத்தரவைச் சொன்னார். மஞ்சு மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

ஜெயில் இல்லை. இரண்டு வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு. மாதாமாதம் சிங்காரவேலு முன்னால் போய் நிற்க வேண்டும். குடியை விட அரசு ஆஸ்பத்திரியில் வாரம் ஒரு நாள் ஆலோசனை. குடித்தாலோ கை நீட்டினாலோ பழைய குற்றத்துக்கே தண்டனை. இதற்கெல்லாம் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். நின்றால்தான் இன்று வீட்டுக்கு. இல்லையென்றால் உள்ளே. அரியமுத்து மாற்றிச் சொன்னதைப் பற்றித் தனியாக விசாரிப்பதாகவும் சொன்னார்.

மஞ்சு பூலாம்பாடி மாமாவைப் பார்த்தாள். அவர் மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நிலத்துக்கு ஜாமீன்னா போட்டுருவேங்க. இவன் குடிக்க மாட்டான்னு நான் எப்படிங்க கையெழுத்துப் போடுறது? எனக்கும் பேத்தி கல்யாணம் இருக்கு" என்றவர், மஞ்சுவின் பக்கம் திரும்பாமலே பின் வரிசைக்குப் போய்விட்டார். சொந்தம் என்றால் இப்படித்தான். கல்யாணப் பந்தியில் முதல் வரிசை, கோர்ட்டில் கடைசி வரிசை.

"வேற யாரு இருக்கீங்க?"

யாரும் இல்லை. மஞ்சு கையில் இருந்த துணிப்பையைப் பார்த்தாள். ஸ்வெட்டர் வைக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது.

"நான் நிக்கிறேங்க."

அரியமுத்து எழுந்து நின்றிருந்தான்.

பெஞ்ச் கிளார்க் குழம்பிப்போனார். "நீங்கதானேய்யா அடிபட்டவரு?"

"ஆமாங்க. அடிச்சவனத் தெரிஞ்சவனும் நான்தாங்க."

நடுவர் தலையசைத்தார். "அறிக்கையோட இவங்க சிட்டா நகல் இருக்கு. ஜாமீன் பாண்ட் எழுதி வாங்கிக்குங்க." சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. அவர் எழுந்தார். கோர்ட் முழுக்க எழுந்து நின்றது.

கிளார்க் தாளை நீட்டினார். அரியமுத்து இடது கையில் பேனாவைப் பிடித்துக் குனிந்தான். மஞ்சு இரண்டு கைகளையும் கூப்பினாள். யாரைப் பார்த்துக் கூப்புகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இப்படி ஒரு நாளைத் தன் வாழ்க்கையில் பார்ப்போம் என்று அவள் நினைத்ததில்லை.

"கையெழுத்துப் போடாதீங்க."

குரல் வாசல் பக்கமிருந்து வந்தது. உண்ணாமலை. காலையிலிருந்து அவள் கதவோரத்தில்தான் நின்றிருந்தாள். அவளை யாரும் கவனிக்கவில்லை, மஞ்சு உட்பட.

"சத்தம் போடக் கூடாதும்மா" என்று டவாலி ஓடினார்.

"நான் சத்தம் போடலைங்க" என்றாள் உண்ணாமலை. உண்மையில் அவள் குரல் உயரவே இல்லை. "அண்ணன் பக்கத்தத் தம்பி சொன்னாரு. தம்பிக்கு அண்ணன் ஜாமீனு நிக்கிறாரு. அழுதாங்க, சேந்துக்கிட்டாங்க. நல்லது. எட்டு மாசமா ஒரு ஆம்பளைக்குக் கொழந்தைக்குப் போல சோறு ஊட்டுனது நானு. களை வெட்டுனது, தண்ணி பாய்ச்சுனது, அந்தக் கட்டைய அரிசி டின்னுல வச்சுக்கிட்டுத் தெனமும் அரிசி அள்ளுனது நானு. என் பக்கம் என்னன்னு யாரு சொன்னா? இந்த ரெண்டு பேருல யாருக்காச்சும் தெரியுமா?"

அரியமுத்து நிமிர்ந்து பார்த்தான். கலைமணியும் பார்த்தான்.

நடுவர் உள்ளறைக் கதவில் கை வைத்தவர் அப்படியே நின்றார். திரும்பினார். மேடையில் ஏறி, கழற்றி வைத்த கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்து நின்ற வக்கீல்களுக்கு உட்காருவதா நிற்பதா என்று தெரியவில்லை.

"நான் கேட்டிருக்கணும். கேக்காதது என் தப்பு" என்றார்.

ஒரு ஜட்ஜ் தன் தப்பு என்று சொன்னதைக் கேட்டு ஆண்டவர் வக்கீலே வாயைப் பிளந்தார்.

"இன்னொரு நாற்காலி போடுங்க. அம்மா, நீங்க வந்து உட்காருங்க." பிறகு அண்ணன் தம்பி இருவரையும் பார்த்தார். "இப்ப நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க. இவங்க பக்கம் என்ன? இவங்க ஒத்துக்கிட்டாத்தான் பாண்ட்."

உண்ணாமலை நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். புருஷனின் கையில் இருந்த பேனாவை வாங்கிக் கிளார்க்கின் மேஜையில் வைத்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.